அய்யாவுக்கு லைசென்ஸ் கிடைத்த விதம்

மலாயாவில் பத்து பாகாட் என்கிற ஊரின் கடைத்தெருவில் மூடி போட்ட கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் அய்யாவைப் பிற்காலத்தில் பார்த்தவர்கள், அவனைச் சாது என்பார்கள். எறும்பைக்கூட மிதிக்க மாட்டானாம். எறும்பாம்! சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவன் கையால் பல்லைப் பறிகொடுத்தவர்களிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும். அய்யாவுக்குக் கைதான் முதலில் பேசும். வாய் அப்புறம் சாவகாசமாக வரும்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அப்பனோடு கப்பலில் வந்து இறங்கிய பிள்ளைக்குத் தோட்டம் கற்றுக்கொடுத்த முதல் பாடமே அடிதான். கங்காணி அடித்தார், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அடித்தார், துரை பூட்ஸ் காலால் உதைத்தார். ரப்பர் பால் வாளியில் தண்ணீர் கலந்தான் என்று அய்யாவின் அப்பனை, விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் குப்புறப் படுக்கவைத்து ரோத்தான் பிரம்பால் விளாசினார்கள். அப்பன் எழுந்தான், மண்ணைத் தட்டிக்கொண்டான், வீட்டுக்கு வந்தான், அய்யாவை அடித்தான். தோட்டத்தில் அடி அப்படித்தான் மேலிருந்து கீழே இறங்கி வரும்.

கீழே இறங்கிய அடியை மேலே திருப்பி அனுப்பியவன் அய்யாவு. வளர்ந்து ஆளானதும் ஒருநாள், பெண்பிள்ளைகளின் வரிசையில் போய்க் கையை நீட்டிய மண்டோரின் அதே கையைப் பிடித்து முறுக்கி, தன் முட்டியில் வைத்து ஒடித்தான். காய்ந்த ரப்பர் கிளை முறிவதைப் போலச் சத்தம் கேட்டது என்று சொல்வார்கள். தோட்டத்துச் சண்டை தோட்டத்துக்குள்ளேயே தீர வேண்டும் என்பது துரையின் கொள்கை. அதனால் போலீசுக்கு விஷயம் போகவில்லை. அய்யாவை நன்றாக உதைத்து, கான் வெட்டும் கும்பலில் தள்ளிவிட்டார்கள். இடுப்பளவு சேற்றில் நின்று சாக்கடை வெட்டியும் தூர்வாரியும் அவனுக்கு வயது ஏறியது.

புஷ்பவள்ளியைக் கட்டிய புதிதில் அவள் மேலும் ஒருமுறை கை வைத்தான். அவள் கையில் அப்போது அகப்பை இருந்தது. அய்யாவின் இடது புருவத்துக்கு மேலே இருந்த தழும்புக்கு அதுதான் காரணம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடிதடி இல்லை.

ரப்பர் விலை விழுந்த வருடங்களில் தோட்டம் ஆட்களைக் கழித்துக்கட்டியது. கப்பலேறி இந்தியாவுக்குப் போங்கள் என்றார்கள். முகம் தெரியாத ஊருக்குப் போய் என்ன செய்வது என்று புஷ்பவள்ளியைக் கூட்டிக்கொண்டு அய்யாவு பத்து பாகாட்டுக்கு வந்து சேர்ந்தான். அங்கே மணியத்திடம் கூலியானான்.

மணியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோட்டை டவுன் போர்டு கூட்டிவிடும். ஆனால் கடைகளுக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி நடையும், கடைக்குப் பின்னால் ஓடும் சாக்கடையும் கடைக்காரர் பொறுப்பு. அழுக்காக இருந்தால் சுகாதார இன்ஸ்பெக்டர் அபராதம் போடுவார். அந்தப் பயத்தை வைத்துத்தான் மணியம் பிழைத்தான். அவனுக்குக் காசு கொடுத்தால் அவனுடைய கூலிகள் வந்து கழுவுவார்கள். கொடுக்காவிட்டால் அதே கூலிகள் விடிவதற்குள் செத்த எலியையும் மீன் குடலையும் கடை வாசலில் கொட்டிவிட்டுப் போவார்கள். ஒரு கடைக்காரர் எதிர்த்துப் பேசினார் என்று அவரை அவருடைய சாக்கடையிலேயே தலைகீழாக முக்கி எடுத்தான். சுத்தம் செய்கிறேன் என்று சொல்லி ஊரை நாறடித்த அயோக்கியன் அவன்.

அந்தச் சமயத்தில் போர்டு ஒரு விதி கொண்டுவந்தது. இனிமேல் கூலி வாங்கிக்கொண்டு கடைச் சாக்கடை வழிப்பவர் யாராக இருந்தாலும் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். மணியம் சிரித்தான். அவன் பெயரில் போலீஸ் ஸ்டேஷனில் இருந்த கேசுகளுக்கு லைசென்ஸ் எங்கே கிடைக்கப்போகிறது? யாரும் எடுக்காவிட்டால் விதி தானாகச் செத்துப்போகும் என்பது அவன் கணக்கு. அய்யாவு மட்டும் ஒரு மத்தியானம் கால் கைகளைக் கழுவிக்கொண்டு டவுன் போர்டு ஆபீசுக்குப் போனான்.

ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சிவசம்பு யாழ்ப்பாணத்துக்காரர். கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிட்டுப் போவார்கள். கூலிக்காரன் என்று விரட்டாமல், உட்காரவைத்துப் பேசுகிற நல்ல மனுஷன்.

"இஞ்ச பாரும் அய்யாவு, லைசென்ஸ் எண்டால் கேட்டவுடன தாற சாமான் இல்லை. ஒழுகாத வண்டி வேணும், அதுக்கு மூடி வேணும். வழிச்ச சேத்தைக் கொண்டுபோய்க் கொட்டுற இடத்துக்குப் போர்டிட்ட அனுமதி எடுக்கவேணும். பினாயில், சுண்ணாம்பு எல்லாம் உம்மட பொறுப்பு. உம்மை வேலைக்குக் கூப்பிடுறம் எண்டு கடைக்காரர் ரெண்டு பேர் வந்து சொல்லவேணும். பிறகு இன்ஸ்பெக்டருக்கு முன்னால ஒரு சாக்கடையைச் சுத்தம் செய்து காட்டவேணும்."

"செஞ்சிரலாங்க கிராணி ஐயா."

"பொறும், கடைசியா ஒண்டு இருக்கு. உம்மட பேரில பொலிஸ் கேஸ் ஒண்டும் இருக்கப்படாது. ஆரையாவது அடிச்சீர் எண்டு ஒரு தண்டனை விழுந்தாலும் லைசென்ஸ் இல்லை. வருஷா வருஷம் புதுப்பிக்கேக்கையும் அதைப் பாப்பினம். விளங்குதோ?"

அய்யாவு தன் இரண்டு கைகளையும் குனிந்து பார்த்துக்கொண்டான்.

பழைய ரப்பர் ஷீட் வண்டியின் சக்கரங்களை வாங்கிப் பலகை அடித்தான். மண்ணெண்ணெய் டின்களைப் பிளந்து தட்டிப் புஷ்பவள்ளி மூடி செய்தாள். இன்ஸ்பெக்டர் வண்டிக்குள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், ஒழுகியது. ஆற்றோரத்தில் படகு கட்டும் மலாய்க்காரரிடம் கேட்டு, படகுக்குப் பூசுகிற டாமார் பிசினை வாங்கி இடுக்கில் அடைத்தான். அப்புறம் ஒழுகவில்லை. துணிக்கடைச் சீன முதலாளி தவுக்கேயும் மளிகைக்கடை ராவுத்தரும் பயந்து பயந்து ஆபீசுக்கு வந்து, இவனைக் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தபடி ஓடினார்கள். எல்லாம் ஒவ்வொன்றாக நடந்தது. மணியத்துக்கும் செய்தி போனது.

நிபந்தனை இன்னதென்று மணியத்துக்கும் தெரியும். அதனால் அவன் அய்யாவை அடிக்க வரவில்லை. அய்யாவை அடிக்கவைக்க வந்தான்.

முதலில் வீட்டுக்கே வந்தான். கூடவே தங்கராஜு. தங்கராஜு அய்யாவோடு ஒரே கும்பலில் சாக்கடை வழித்தவன், ஒரே பொட்டலத்தில் சோறு தின்றவன், இப்போது மணியத்தின் வால். மணியம் உள்ளே நுழைந்து அய்யாவின் கன்னத்தில் பளாரென்று அறைந்தான்.

"திருப்பி அடிடா பாப்போம். சிம்பாங் ரெங்கத்துச் சண்டியராச்சே நீ?"

அய்யாவு கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றால் ஒன்றைப் பிடித்துக்கொண்டான். இன்னொரு அறை விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் வாய்க்குள் போனது, விழுங்கினான். தங்கராஜு வெளியே கிடந்த வண்டியின் மூடியை மிதித்து நெளித்தான். உள்ளே வந்து அடுப்படிப் பக்கம் காலை வைத்தான். அங்கே புஷ்பவள்ளி கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். கொதிக்கக் கொதிக்க அந்தக் கஞ்சியை அப்படியே அவன் முழங்காலில் ஊற்றினாள். அவன் போட்ட அலறலில் அடுத்த வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள்.

"லைசென்ஸ் கேட்டது என் புருசன்தான். எனக்கு ஒரு லைசென்சும் வேணாம். வாங்கடா, இன்னும் இருக்கு!" என்று பானையைத் தூக்கிக் காட்டினாள்.

இரண்டு பேரும் போய்விட்டார்கள். அய்யாவு அப்படியே நின்றான். கையைப் பிரித்தபோது மணிக்கட்டில் அவனுடைய நகங்களே பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. புஷ்பவள்ளிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இன்ஸ்பெக்டருக்கு வேலை செய்து காட்டும் நாள் வந்தது. மீன் மார்க்கெட் வாசல் சாக்கடையை ஒதுக்கியிருந்தார்கள். அய்யாவு முன்னதாகவே போய்விட்டான். புது ஈர்க்கை வார்ந்து மூங்கில் கழியில் பிரம்பு நாரால் தானே இறுக்கிக் கட்டிய விளக்குமாறு தோளில் இருந்தது. சந்தைக் கூட்டம் நிறைந்திருந்த நேரம். இன்ஸ்பெக்டர் இன்னும் வரவில்லை. மணியம் வந்தான்.

தங்கராஜுவும் இன்னொருவனும் அய்யாவின் கைகளைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தார்கள். உதறினால் இரண்டு பேரும் சாக்கடையில் கிடப்பார்கள், அவ்வளவு பலம் அவனுக்கு உண்டு. உதறவில்லை. குத்து விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். மணியம் குத்தவில்லை. அய்யாவின் தோளிலிருந்து விழுந்து கிடந்த விளக்குமாற்றை எடுத்தான்.

விளக்குமாற்றால் அடிபடுவது என்றால் என்னவென்று நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கத்திக்குத்து வாங்கியவன் தழும்பைத் திறந்து காட்டி நாலு பேரிடம் கதை சொல்லலாம். விளக்குமாற்றால் அடிபட்டவன் தெருவில் எப்படி நடப்பான்? மணியம் அதை முகத்தில் அடித்தான். திருப்பிப் பிடிக்கச் சொல்லி முதுகில் அடித்தான். சாக்கடையில் தோய்த்து மறுபடி முகத்தில் அடித்தான். ஈர்க்கு ஒவ்வொன்றும் தோலைக் கீறிக்கொண்டு போனது. கழி முறிகிற வரைக்கும் அடித்தான். மீன்காரர்கள் மீனைப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். படியில் உட்கார்ந்திருந்த ஒருவன், "விளக்குமாத்துக்காரனுக்கு விளக்குமாத்து பூசை" என்று கத்தினான்.

விட்டுவிட்டுப் போனபோது அய்யாவு சாக்கடைக்குள் உட்கார்ந்திருந்தான். சோறு கொண்டுவந்த புஷ்பவள்ளி அவனைப் பார்த்ததும் சோற்றைக் கீழே வைத்தாள். முறிந்த விளக்குமாற்றை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். அவனைத் தூக்கி ஆஸ்பத்திரிக்கு நடத்திப் போனாள். இன்ஸ்பெக்டர் வந்து, ஆளைக் காணாமல் திரும்பிவிட்டார்.

இங்கேதான் அய்யாவு அந்தப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தான். காயத்துக்கு மருந்து போட்ட டிரெஸ்ஸர், எப்படி ஆச்சு என்று கேட்டார்.

"முள்ளு வேலியில விழுந்துட்டேன்."

புஷ்பவள்ளி அவன் தோளைக் கிள்ளினாள். அவன் மறுபடியும் அதையே சொன்னான். டிரெஸ்ஸர் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பொரிந்து தள்ளினாள். "போலீசுல போய்ச் சொல்லுய்யா. அடிச்சவன் அவன். உனக்கு என்ன?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? வெளக்குமாத்தால அடிச்சான்னு சொல்லவா? அதுக்கு நான் நாண்டுக்கிட்டுச் சாகலாம்."

அவன் சொல்லவில்லை. மணியம் சொன்னான். அய்யாவு கள்ளைக் குடித்துவிட்டு வந்து மார்க்கெட் வாசலில் தன்னைத் தாக்கினான் என்றும், தாக்கிவிட்டு ஓடும்போது முள்வேலியில் விழுந்தான் என்றும் புகார் கொடுத்தான். வேலிக் கதை ஆஸ்பத்திரி வழியாக அவன் காதுக்குப் போய்விட்டது. அய்யாவு சொன்ன பொய்யையே எடுத்து அய்யாவின் கழுத்தில் மாட்டினான். சம்மன் வந்தது. தண்டனை விழுந்தால் லைசென்ஸ் போச்சு. மணியத்தின் கூலிக்குத் திரும்ப முடியாது. மிச்சம் இருப்பது கப்பல்தான்.

கோர்ட்டில் மணியம் தலையைச் சுற்றிப் பெரிய கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். தங்கராஜு சாட்சி சொன்னான். மீன் மார்க்கெட்டிலிருந்து வேறு ஒருவரும் வரவில்லை, வந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். மாஜிஸ்திரேட் மலாய்க்காரர், வயதானவர், மெதுவாகப் பேசுபவர். பக்கத்தில் சிவசம்பு நின்று மொழிபெயர்த்தார். ஆஸ்பத்திரிக் குறிப்பை வாசித்தார்கள். மெல்லிய கீறல்கள், வேலியில் விழுந்ததாக ஆள் சொன்னான்.

அய்யாவின் முறை வந்தது. அவன் கூண்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் புஷ்பவள்ளியின் இருமல் கேட்டது. அவளுக்கு இருமல் கிடையாது.

"நான் அடிக்கல. என்னைத்தான் அடிச்சாங்க," என்றான்.

எதனால் அடித்தார்கள் என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

அய்யாவு தலையைக் குனிந்துகொண்டு, தனக்கே கேட்காத குரலில், "விளக்குமாத்தால," என்றான்.

சிவசம்பு ஒரு கணம் அவனைப் பார்த்தார். அவருடைய முகம் சுருங்கியது. நாலு பேர் நடுவில் ஒரு மனுஷன் தன் மானத்தைத் தானே அவிழ்ப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பி, மலாயில் "காயு, துவான்," என்றார். கட்டையாலாம்.

மாஜிஸ்திரேட் முகத்தைச் சுளித்தார். கட்டையால் அடித்தால் வீங்கும், கன்றும். இது கீறல். முள்வேலிக் கீறல். இவன் பொய் சொல்கிறான் என்று அவர் பேனாவை எடுத்தார்.

அய்யாவுக்குக் கடைத்தெரு மலாய் நன்றாகத் தெரியும். காயு என்ற சொல் காதில் விழுந்தது. கிராணி ஐயா தன்னைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்பதும், அந்தக் காப்பாற்றலில்தான் எல்லாம் போகப்போகிறது என்பதும் ஒரே சமயத்தில் புரிந்தது. இந்த மானம் இன்னும் எத்தனை தரம் என் கழுத்தை அறுக்கும் என்று அவனுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

"புக்கான் காயு, துவான்!" என்று கத்தினான். "கட்டை இல்லை! பெஞ்சாப்பு! பெஞ்சாப்பு!" அது போதவில்லை என்று தமிழிலும் கத்தினான். "வெளக்குமாறு! என் வெளக்குமாத்தாலயே என்னை அடிச்சான். மூஞ்சியில அடிச்சான், முதுகுல அடிச்சான், சாக்கடையில முக்கி முக்கி அடிச்சான். கிராணி ஐயா, வெளக்குமாறுன்னே சொல்லுங்க!"

கோர்ட்டே சிரித்தது. மார்க்கெட்டில் சிரித்த அதே சிரிப்பு. சிவசம்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.

மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரியில் ஏன் வேலி என்று சொன்னாய்?"

"மாலு, துவான்," என்றான் அய்யாவு. வெட்கம்.

அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கிழவர் பேனாவைக் கீழே வைத்தார். அதற்குள் புஷ்பவள்ளி எழுந்து வந்து, முந்தானையிலிருந்து முறிந்த விளக்குமாற்றை எடுத்து மேஜை மேல் வைத்தாள். சேறும் ரத்தமும் காய்ந்து ஈர்க்குகள் ஒட்டிக்கிடந்தன. அய்யாவைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். முதுகெல்லாம் நெருக்கமான கோடுகள், கை விரித்த அகலத்துக்கு ஒரு கற்றை. போலீஸ்காரர் விளக்குமாற்றை முதுகில் வைத்துப் பார்த்தார். கோட்டோடு கோடு பொருந்தியது. முகத்தோடு சேர்த்து முதுகையும் கீறும் வேலி எந்தத் தெருவில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் கேட்டார். மணியம் விழித்தான். தலைக்கட்டை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தார்கள். உள்ளே எண்ணெய் தடவி வாரிய தலை பளபளவென்று இருந்தது, ஒரு கீறல் இல்லை.

மணியத்தை அங்கிருந்தே விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். தங்கராஜு அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்தான்.

வராந்தாவில் சிவசம்பு அய்யாவின் பக்கத்தில் வந்து நின்றார். "உம்மட மானத்துக்காகத்தான் நான் அப்பிடிச் சொன்னன். பிழைதான்."

"தெரியுங்க ஐயா," என்றான் அய்யாவு. "நானும் அதுக்காகத்தான் வேலின்னு சொன்னேன்."

பிறகு உள்ளே போய் விளக்குமாற்றைக் கேட்டான். எதற்கு என்றார் போலீஸ்காரர். தொழில் சாமான் என்றான். கொடுத்தார்கள். வீட்டில் புதுக் கழி போட்டு, அதே ஈர்க்கை அலசி, பிரம்பு நாரால் இறுக்கிக் கட்டினான். புதுசாகவே கட்டிக்கொள்ளேன் என்றாள் புஷ்பவள்ளி. இது நல்ல ஈர்க்கு என்றான்.

இன்ஸ்பெக்டர் மறுபடி நாள் கொடுத்தார். அதே மீன் மார்க்கெட் வாசல், அதே சந்தை நேரம். நெளிந்த மூடியைத் தட்டி நிமிர்த்திய வண்டியைத் தள்ளிக்கொண்டு அய்யாவு வந்தபோது, முகத்துக் கீறல்கள் இன்னும் ஆறியிருக்கவில்லை. ஒரு பக்கம் சிரிப்புச் சத்தம் எழுந்து பாதியில் நின்றது. அவன் சாக்கடையில் இறங்கி வழித்தான், தண்ணீர் விட்டான், சுண்ணாம்பு தூவினான். அப்புறம் படிகளைக் கூட்ட ஏறினான்.

நடுப்படியில் தங்கராஜு உட்கார்ந்திருந்தான். முழங்காலில் கஞ்சிப் புண் கட்டு, வேலை இல்லை, போக இடமும் இல்லை. அய்யாவின் வலது கை கழியை இறுக்கியது. விரல் கணுக்கள் வெளுத்தன. இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். மார்க்கெட் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"காலைத் தூக்குப்பா," என்றான் அய்யாவு.

தங்கராஜு விளக்குமாற்றைப் பார்த்தான். அதை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. மெதுவாக இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டான். அய்யாவு அவன் காலுக்குக் கீழே இருந்த குப்பையைக் கூட்டித் தள்ளிவிட்டு, அடுத்த படிக்குப் போனான்.